தொட்டி உச்சியில் பச்சை வெளிச்சம்

தேவகி வீட்டு வாசலில் அந்தப் பெண் செருப்பைக் கழற்றியபோது காலை மணி ஏழுகூட ஆகியிருக்கவில்லை. உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கும் அந்தச் சின்ன வீட்டுக்கு இப்படி நேரங்கெட்ட நேரத்தில் ஆள் வருவது புதிதல்ல. முப்பத்து நான்கு வருடம் போலீஸில் இருந்துவிட்டுச் சிறப்பு உதவி ஆய்வாளராகப் போன வருடம்தான் ஓய்வுபெற்றிருந்தார் தேவகி. ஸ்டேஷன் படியேறத் தயங்குகிறவர்கள் முதலில் அவரைத்தான் தேடி வருவார்கள்.

உள்ளே ஐசக் டீ குடித்துக்கொண்டிருந்தான். நாற்பத்திரண்டு வயது, சொந்தமாக ஒரு ஷேர் ஆட்டோ. தினமும் முதல் சவாரிக்கு முன் தேவகி வீட்டில் ஒரு டீ, பேப்பரில் வந்த திருட்டுக் கேஸ்களைப் பற்றி ஒரு விவாதம் என்பது அவன் வழக்கம். யார் எந்தக் கதையைச் சொன்னாலும் பாதியிலேயே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவான். இதுவரை ஒரு தடவைகூட அது சரியாக இருந்ததில்லை. அதனால் அவன் உற்சாகம் குறைந்ததும் இல்லை.

வந்தவள் பெயர் நிஷா. சித்தேரிப்பாக்கத்துக்காரி. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை, இன்று லீவு போட்டிருந்தாள். விடிவதற்கு முன் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. ஊரை வெளிச்சத்தில் பார்க்கவே வாய்ப்பில்லாததால் இருட்டில் பார்க்கப் பழகிக்கொண்டதாகச் சொன்னாள். ரைஸ்மில் புகைபோக்கி, செல்போன் டவர், தண்ணீர்த் தொட்டி என்று ஊரில் உயரமாக எது இருந்தாலும் ராத்திரியில் அதைப் போனில் படம் எடுப்பாள். கை நடுங்கினால் படம் கலங்கிவிடும் என்பதால் போனைச் சுவரின் மேல் வைத்து ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து, மூன்று விநாடி கழித்துத் தானாக எடுக்கும்படி வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் அவள் படங்களுக்கு நல்ல பெயர்.

பதினாறாம் தேதி இரவு எட்டு நாற்பதுக்குத் தொட்டியை எடுத்துக் குழுவில் போட்டிருக்கிறாள். அறுபதடி உயரத் தொட்டி, புதிதாக நீலப் பெயின்ட் அடித்தது. அதன் உச்சியில், கைப்பிடிக் கம்பிக்குப் பக்கத்தில், பச்சையாக ஒரு வெளிச்சப் புள்ளி. எடுக்கும்போது அவள் அதைக் கவனிக்கவில்லை. குழுவில் யாரோ கவனித்து, மேலே யார் டார்ச்சோடு நிற்பது என்று கேட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் பஞ்சாயத்துத் தலைவர் தமிழ்ச்செல்வி இரண்டு பேரை மேலே ஏற்றிப் பார்க்கச் சொன்னார். உச்சியில் இருந்த இடிதாங்கிக் கம்பியைக் காணோம். அதிலிருந்து தூண் வழியாகத் தரைவரை இறங்கும் செம்புப் பட்டையையும் காணோம்.

ஏணியின் அடியில் ஒரு கம்பிக் கதவு, அதற்கு ஒரே பூட்டு, ஒரே சாவி. சாவி தொட்டி ஆபரேட்டர் வேதகிரியிடம். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நாளைக் காலையில் போலீஸில் புகார் கொடுப்பதாக முடிவு.

"இருபத்தாறு வருசமா வேலை செய்யறவர் மேடம்," என்றாள் நிஷா. "அவரு சம்சாரம் கனகாக்கா இப்போ தெருக் குழாய்க்கே வர்றதில்ல. வயக்காட்டு மோட்டார்ல போய் தண்ணி எடுத்துக்கினு வராங்க. எல்லாம் என் போட்டோவால."

அவள் போனை நீட்டினாள். குழுவில் வந்த ஒரு குரல் செய்தியையும் போட்டுக் காட்டினாள். பேசியவன் கலைச்செல்வன், தொட்டிக்குப் பெயின்ட் அடித்த காண்ட்ராக்டர். "நானே என் கண்ணால பார்த்தேன். மில்லு ரோட்டுப் பக்கமா பைக்குல வந்துகினு இருந்தேன். தொட்டி மேல பச்சையா ஒரு லைட்டு, இங்கியும் அங்கியும் போய்க்கினு இருந்துச்சு. ஆபரேட்டர் தானேன்னு நான் வந்துட்டேன்."

"கண்ணால பார்த்த சாட்சியே கீது," என்றான் ஐசக், கொஞ்சம் வருத்தத்தோடு. நிஷாவின் முகத்தைப் பார்த்ததும் வேதகிரி நிரபராதியாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவனுக்கும் தோன்ற ஆரம்பித்திருந்தது.

தேவகி அந்தச் செய்தியை இரண்டாம் முறை கேட்டார். பிறகு, குழுவில் போடாத படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அதே இடத்தில் அடுத்த நிமிடமே போனை நிமிர்த்தி வைத்து எடுத்தது. அதில் பச்சைப் புள்ளி தொட்டியின் மேல் இல்லை. தொட்டிக்கு இடதுபக்கம், ஒன்றுமில்லாத வானத்தில் நின்றது. ஐசக்குக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. ட்ரோன். ட்ரோனை விட்டுத்தான் கம்பியைத் தூக்கியிருக்கிறார்கள் என்று விளக்க ஆரம்பித்தான். அறுபதடி செம்புப் பட்டையை ட்ரோன் தூக்குமா என்று தேவகி அமைதியாகக் கேட்டதும் நிறுத்திக்கொண்டான்.

போன மாதம் எடுத்த ரைஸ்மில் படத்தையும் தேவகி பார்த்தார். இருட்டு வானத்தில் புகைபோக்கி கறுப்பாக நின்றது. படத்தின் கீழே இடது மூலையில் மில் கேட்டின் விளக்கு. மேலே வலதுபக்கம், புகைபோக்கியின் வாய்க்கு அருகில், ஒரு சின்னப் பச்சைப் புள்ளி.

"மில்லுலயும் கை வெச்சிகீறான்," என்றான் ஐசக்.

"புகைபோக்கி உச்சியில திருட இன்னா கீது ஐசக்?"

தேவகி மறுபடி மூன்று படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஒவ்வொரு படத்திலும் ஒரு விரலை விளக்கின் மேலும் இன்னொரு விரலைப் பச்சைப் புள்ளியின் மேலும் வைத்து எடுத்தார். தொட்டிப் படத்தில் தெருவிளக்கு கீழே வலதுபக்கம் இருந்தது. என்ன பார்க்கிறார் என்று ஐசக்குக்குப் புரியவில்லை. "ஆட்டோவ எடு," என்றார்.

சித்தேரிப்பாக்கத்தில் முதலில் வேதகிரி வீட்டுக்குப் போனார்கள். கனகா அவர்களுக்கு நாற்காலி போட்டாள். கணவர் உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து கும்பிட்டார். ஐம்பத்தைந்து வயதுக்கு உரமான உடம்புதான். ஆனால் சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார்.

தேவகி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒரே சீராகப் பதில் சொன்னார். விடிகாலை நாலரைக்கு வால்வு திறக்க வேண்டும் என்பதால் எட்டு மணிக்கே படுத்துவிடுவார். அன்றும் அப்படித்தான். பார்த்தவள் கனகா மட்டும், மனைவி சொல்வதை யார் ஏற்பார்கள்? தொட்டி மேல் தினமும் ஏறுவதில்லை. ஐந்தாம் தேதியும் இருபதாம் தேதியும் தொட்டி கழுவும் நாள்; அந்த இரண்டு நாள்தான் ஏறுவார். குளோரின் கலப்பதெல்லாம் கீழே மோட்டார் ரூமிலேயே. ஐந்தாம் தேதி கழுவியபோது இடிதாங்கி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

சாவியை இடையில் யாரிடமாவது கொடுத்தாரா என்று கேட்டார் தேவகி. பெயின்ட் வேலை நடந்தபோது, ஏழாம் தேதியிலிருந்து பன்னிரண்டுவரை, கலைச்செல்வனிடம் கொடுத்திருந்தார். வேலை முடிந்த அன்றே திரும்பி வந்துவிட்டது. அதற்கப்புறம் சாவி அவர் இடுப்பைவிட்டு நகரவில்லை. இதைச் சொல்வது தனக்கே எதிராகப் போகும் என்று தெரிந்தும் அவர் மறைக்காமல் சொன்னது ஐசக்குக்கு என்னவோ போலிருந்தது.

"நான் எடுக்கல மேடம்," என்றார் கடைசியில். "அத எடுத்துட்டு, இடி இடிக்கிற நாள்ல அந்த இரும்பு ஏணில ஏறப்போறவனும் நான்தானே?"

தொட்டியடியில் தலைவர் தமிழ்ச்செல்வி காத்திருந்தார். நல்ல மனுஷி. வேதகிரியைச் சந்தேகிப்பது அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் படமும் சாட்சியும் இருக்கும்போது நான் என்ன செய்ய முடியும் என்றார். தேவகி தூணைச் சுற்றி வந்தார். தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் தூணோடு பொருத்தியிருந்தது. பட்டையின் கடைசிப் பகுதி அதற்குள்தான் இறங்கும். குழாய் அப்படியே இருந்தது. தேவகி அதன் மேல்வாய்க்குள் ஒரு குச்சியை விட்டார். உள்ளே காலி. கீழே நின்று பார்க்கிற யாருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரியாது.

தலைவரிடம் சாவி வாங்கி ஐசக்கை ஏணியில் பாதிவரை ஏறச் சொன்னார் தேவகி. துப்பறிவதற்காக ஏறுகிறோம் என்ற பெருமையில் அவன் முக்கால்வரை போய்விட்டான். தூணில் பட்டை ஓடிய தடம் ஏதாவது தெரிகிறதா என்று கீழிருந்து கேட்டார்.

"தடம்லாம் ஒண்ணும் இல்ல மேடம். ஒரே நீலமா வழவழன்னு கீது. மூணடிக்கு ஒரு ஆணி ஓட்டைதான். அந்த ஓட்டைக்குள்ள கூட பெயின்ட்டு பூந்து கீது."

பெரிதாக ஒன்றும் அகப்படவில்லையே என்ற ஏமாற்றத்தோடு இறங்கினான். தேவகி மட்டும் முதல்முறையாக லேசாகச் சிரித்தார். அவனுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, இரவு எட்டரைக்கு நிஷா படம் எடுத்த சுவரடியில் எல்லாரையும் வரச் சொல்லும்படி தலைவரைக் கேட்டுக்கொண்டார். முக்கியமாக, கண்ணால் பார்த்த சாட்சியை.

ஐசக் அன்று பகல் முழுவதும் சவாரி அடித்தபடியே மண்டையைக் குடைந்துகொண்டான். தெருவிளக்கு, பச்சைப் புள்ளி, ஆணி ஓட்டை. மூன்றும் மூன்று திசையில் ஓடின. சாயங்காலம் மேற்கே வானம் கறுத்து இரண்டு முறை உறுமியது. மழை வரவில்லை.

எட்டரைக்குச் சுவரடியில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். கலைச்செல்வன் வெள்ளைச் சட்டையில் பளிச்சென்று வந்திருந்தான். வேதகிரி கனகாவோடு கொஞ்சம் தள்ளி நின்றார். தொட்டி இருட்டில் மங்கலாக நின்றது. ஏணிக் கதவு பூட்டியிருக்கிறது, சாவி இதோ என்று தலைவர் எல்லாருக்கும் காட்டினார்.

தேவகி கலைச்செல்வனிடம் அன்று பார்த்ததை மறுபடி சொல்லச் சொன்னார். அவன் குரல் செய்தியில் சொன்னதையே சொன்னான்.

"லைட்டு இன்னா கலர்ல இருந்துச்சு?"

"பச்சைதான். நல்லா ஞாபகம் கீது."

"டார்ச்சு வெள்ளையாதானே எரியும்?"

"அது எனக்குத் தெரியாது மேடம். நான் பார்த்தது பச்சை."

தேவகி தலையாட்டினார். நிஷா போனைச் சுவரின் மேல், அன்று வைத்த அதே இடத்தில், செங்கல் முட்டுக் கொடுத்து வைத்தாள். தலைவரை முதலில் திரையைப் பார்க்கச் சொன்னார் தேவகி. தமிழ்ச்செல்வி குனிந்து பார்த்தார். திரையில், தொட்டியின் உச்சியில், கைப்பிடிக் கம்பிக்குப் பக்கத்தில், பச்சையாக ஒரு வெளிச்சம் நின்றது.

"இப்போ நிமிர்ந்து தொட்டியப் பாருங்க," என்றார் தேவகி.

தலைவர் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். உச்சி இருட்டாக இருந்தது. அங்கே ஒரு மின்மினிகூட இல்லை.

ஒவ்வொருவராக வந்து திரையையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஐசக் நான்கு தடவை பார்த்தான். அப்போது தேவகி போனுக்கு முன்னால் தன் உள்ளங்கையைக் கொண்டுவந்து, படத்தின் கீழ் மூலையில் தெரிந்த தெருவிளக்கை மட்டும் மறைத்தார். உச்சியில் இருந்த பச்சை வெளிச்சம் அணைந்தது. கையை எடுத்தார், எரிந்தது. நிஷாவைப் போனை மெல்ல வலதுபக்கம் திருப்பச் சொன்னார். திரையில் தெருவிளக்கு இடதுபக்கம் நகர, பச்சைப் புள்ளி தொட்டியை விட்டிறங்கி எதிர்ப்பக்கமாக நகர்ந்தது.

"மேல யாரும் நிக்கல," என்றார் தேவகி. "இது தெருவிளக்கோட நிழல்மாதிரி ஒண்ணு. பெரிய வெளிச்சம் லென்ஸுக்குள்ள போனா, உள்ள கண்ணாடில பட்டுத் திரும்பி, படத்துல அதுக்கு நேர் எதிர் மூலையில ஒரு புள்ளியா விழுது. விளக்கு கீழ வலதுபக்கம்னா புள்ளி மேல இடதுபக்கம். மில்லு படத்துல விளக்கு கீழ இடதுபக்கம், புள்ளி மேல வலதுபக்கம். ராத்திரியில ஒசரமானத எடுக்கிறப்போ இந்தப் பொண்ணு போனை அண்ணாந்து வெக்குது. விளக்கு கீழ மாட்டிக்குது, புள்ளி மேல ஏறி உச்சியில ஒக்காந்துக்குது. காலையில மூணு படத்தையும் பார்த்தப்போ எனக்கு சந்தேகம்தான். இங்க வந்துதான் உறுதி ஆச்சு."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. கனகா கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நிஷா இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டாள்.

ஐசக்குக்குத் தலைக்குள் ஏதோ கதவு திறந்ததுபோல் இருந்தது. அவன் கலைச்செல்வன் பக்கம் திரும்பினான். "அப்போ... போனுக்குள்ள மட்டும் இருந்த லைட்ட இவரு எப்படி கண்ணால பார்த்தாரு?"

வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியான கேள்வியைக் கேட்டுவிட்ட திகைப்பில் அவன் அப்படியே நின்றுவிட்டான். தேவகி அவனைப் பார்த்த பார்வையில் பெருமை தெரிந்தது.

கலைச்செல்வன் வேறு ஏதாவது வெளிச்சமாக இருந்திருக்கும், இருட்டில் சரியாகத் தெரியவில்லை என்று இழுத்தான். பச்சை என்று நல்லா ஞாபகம் இருப்பதாக இப்போதுதானே சொன்னாய் என்று தலைவர் கேட்டார்.

"சரி, அத விடுங்க," என்றார் தேவகி. "பட்டை எப்போ போச்சுன்னு பார்ப்போம். பதினாறாம் தேதி ராத்திரி போச்சுன்னு எல்லாரும் நெனச்சிக்கினு கீறாங்க. அன்னிக்கு எடுத்திருந்தா தூணுல இன்னா இருக்கணும்? பட்டை ஓடின எடம் மட்டும் பெயின்ட் படாம பழைய சிமென்ட்டா, மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு கோடு தெரியணும். கோடு இல்ல. ஐசக் ஏறிப் பார்த்துட்டான். ஆணி ஓட்டைக்குள்ள வரைக்கும் புது நீலம் பூந்து கீது. ஆணிய கழட்டினப்புறம்தான் பெயின்ட் அடிச்சிகீறாங்க. அஞ்சாம் தேதி இருந்த பட்டை, தூணுல பெயின்ட் படறதுக்கு முன்னாடியே போயிடுச்சு. பெயின்ட் அடிச்ச அந்த ஆறு நாளும் சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

எல்லார் தலையும் கலைச்செல்வன் பக்கம் திரும்பியது.

தேவகி குரலை உயர்த்தாமல் மீதியையும் சொன்னார். இருபதாம் தேதி வேதகிரி தொட்டி கழுவ ஏறியிருந்தால் இடிதாங்கி இல்லாதது தெரிந்திருக்கும். முதல் கேள்வி பெயின்ட் அடித்தவர்களிடம்தான் வந்திருக்கும். அதற்கு நாலு நாள் முன்னால் நிஷாவின் படம் வந்தது. திருட்டு அந்த ராத்திரிதான் நடந்தது, அப்போது சாவி வேதகிரியிடம்தான் இருந்தது என்று ஊரே தானாக நம்பியது. கிடைத்த வாய்ப்பு கைநழுவாமல் இருக்கத்தான் கண்ணால் பார்த்ததாக ஒரு சாட்சி தேவைப்பட்டது.

கலைச்செல்வன் மெதுவாகச் சொன்னான்: பெயின்ட் அடிக்க வசதியாக இருக்கும் என்றுதான் பட்டையையும் உச்சிக் கம்பியையும் அவிழ்த்தது. திரும்பக் கட்டுகிற நாள் வந்தபோது யாரும் கேட்கவில்லை, யாரும் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கம்பியும் செம்புச் சுருளும் அவன் ஷெட்டில் பெயின்ட் டின்களுக்குப் பின்னால் இருக்கின்றன. விஷயம் இவ்வளவு பெரிதான பிறகு வெளியே எடுத்துப்போகப் பயமாக இருந்தது.

"இவரு பேரச் சொல்லணும்னு நான் ஆரம்பிக்கல," என்றான் வேதகிரியைப் பார்க்காமல்.

"ஆரம்பிக்கல. ஆனா முடிச்ச," என்றார் தமிழ்ச்செல்வி. அதிகம் பேசாத மனுஷி அவர். காலையில் கொடுக்கப்போகும் புகாரில் பெயர் மட்டும் மாறும் என்று சொல்லிவிட்டு, இரண்டு வார்டு உறுப்பினர்களை அவனோடு ஷெட்டுக்கு அனுப்பினார். பட்டை மறுபடி ஏறும்வரை யாரும் தொட்டிமேல் போகக்கூடாது என்றார். பிறகு வேதகிரியிடம் போய், எல்லார் முன்னாலும் கையைக் கூப்பி மன்னிப்புக் கேட்டார். சாவியை அவர் கையில் வைத்து விரல்களை மூடினார். வேதகிரி சாவியை இடுப்பில் செருக முயன்றார். இரண்டு முறை தவறியது. கனகாதான் செருகிவிட்டாள்.

நிஷா தயங்கித் தயங்கி அவர் முன்னால் வந்து நின்றாள். இனிமேல் ராத்திரியில் படமே எடுக்கப்போவதில்லை என்று சொன்னாள்.

"எடும்மா," என்றார் வேதகிரி. "நீ எடுக்கலன்னா, அது போனது தெரியாம இடி இடிக்கிற நாள்லயே நான் ஏணில ஏறியிருப்பேன்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கனகா அவளை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். முதலிலிருந்தே தனக்குச் சந்தேகம் இருந்ததாக மூன்று பேர் சொன்னார்கள். ஐசக் அவர்களில் ஒருவன் இல்லை என்பதைத் தேவகி கவனித்தார்.

வேதகிரி வீடு இரண்டு தெரு தள்ளித்தான். நடந்தே போய்விடலாம் என்றார். ஐசக் விடவில்லை, அவரையும் கனகாவையும் ஆட்டோவில் ஏற்றி, தேவகியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். போகிற வழியில் அந்தக் கேள்வி தனக்கு எப்படித் தோன்றியது என்பதை விளக்கிக்கொண்டே ஓட்டினான். வீட்டு வாசலில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தபோது வேதகிரி இருக்கையின் மூலையில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

ஐசக் எழுப்பப் போனான். கனகா அவன் கையைப் பிடித்தாள்.

"மூணு ராத்திரி கண்ணு மூடல தம்பி," என்றாள் மெதுவாக. "கொஞ்ச நேரம் கெடக்கட்டும்."

ஐசக் இன்ஜினை அணைத்தான். முன்விளக்கையும் அணைத்தான். அந்த நேரத்தில் உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் கடைசிச் சவாரி அவனுக்காகக் காத்திருக்கும். தேவகி சத்தமில்லாமல் இறங்கி வாசல்படியில் உட்கார்ந்தார். அவனும் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கனகா உள்ளே போய் இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்தாள். ஆட்டோவுக்குள்ளிருந்து சீரான குறட்டை வந்துகொண்டிருந்தது. மூவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.